பதிமூன்று முதல் பதினெட்டு வரை: சென்னையில் நம் பிள்ளைகள் சாயங்காலம் எங்கே போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர் பக்கம் எங்கள் தெருக்கோடித் தகரக் கொட்டகையில் சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுகிறார்கள். எல்லோரும் எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரை படிப்பவர்கள். கேரம் ஆடுவார்கள், ஷட்டில் ஆடுவார்கள், சில நாள் வெறும் அரட்டைதான். மூன்று வருடமாக நடக்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருக்காரர்களும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வாசலில் நின்று சொல்லிச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

சென்னையில் இல்லாத இடமா? பீச் இருக்கு, பார்க் இருக்கு, மால் இருக்கு. இன்னும் என்ன வேணும்?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு ஒரு நாள் ஐந்தரை மணிக்கு வந்து பாருங்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று போர்டு. நடைபாதை முழுக்க வாக்கிங் போகிறவர்கள். எட்டு வடிவப் பாதையில் கூழாங்கல் மேல் வெறுங்காலோடு தாத்தாக்கள். புல்லில் கால் வைக்கக் கூடாது, பந்தும் மட்டையும் உள்ளே வரக் கூடாது. ஒன்பதாவது படிக்கிற நாலு பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் வாட்ச்மேன் வந்து "என்னப்பா, இங்க என்ன வேலை?" என்பார். அவர்கள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். அந்த வயதில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தாலே நம் கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிறது.

மாலுக்குள் நுழையக் காசு வேண்டாம். ஆனால் காசில்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே என்ன செய்ய முடியும்? டர்ஃப் மைதானம் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் கேட்கிறார்கள். பத்துப் பேர் பங்கு போட்டாலும் தலைக்கு நூறு. வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் மாதம் எண்ணூறு. ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை அதை எப்படிக் கேட்கும்?

மெரினா எல்லோருக்கும் பொதுதான். மணலியிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ போய்வர அரை நாள் ஆகும். 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 200 ஆயின. ஆனால் பெயர் பெற்ற நூலகங்களும் பெரிய மைதானங்களும் பெரும்பாலும் பழைய நகரத்துக்குள்ளேயே நிற்கின்றன. பிள்ளைகளைப் பொறுத்தவரை உள்ளூர் என்றால் நடந்து போகிற தூரம், இருட்டுவதற்குள் திரும்பி வருகிற தூரம்.

அப்போ இடமே இல்லைன்னு சொல்றீங்களா?

இல்லை, இடம் இருக்கிறது. பூட்டியிருக்கிறது.

எந்த வார்டை எடுத்தாலும் ஒரு பள்ளிக்கூட மைதானமாவது இருக்கும். நாலரை மணிக்குக் கடைசி வேன் போனதும் கேட்டை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை முழுக்கப் பூட்டுதான். தலைமை ஆசிரியரைக் கேட்டால், "யாருக்காவது அடிபட்டா யார் சார் பொறுப்பு?" என்பார். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பயம்தான் சமுதாயக் கூடத்தையும் பூட்டுகிறது, நலச்சங்க அறையையும் பூட்டுகிறது, அபார்ட்மென்ட் மொட்டைமாடியையும் பூட்டுகிறது. சாவியை வாங்கி, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, திரும்பப் பூட்டிக் கொடுக்க ஒரு பெரியவர் இல்லை. நான் பார்த்தவரை இந்த ஊரின் குறை அந்த ஒரு ஆள்தான். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

எங்க காலத்துல இதெல்லாம் யாரு ஏற்பாடு பண்ணினாங்க? நாங்க வளரலையா?

ஏற்பாடு இருந்தது. ஏற்பாடு என்று யாரும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கட்சிக்காரர்களின் படிப்பகம் இருந்தது. பெஞ்சில் நாலு தினசரி, மூலையில் ஒரு கேரம் போர்டு. ரசிகர் மன்றம் இருந்தது. கர்லாக்கட்டை சுற்றுகிற உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கமெல்லாம் தெருவிளக்குக்குக் கீழே போர்டைத் தொங்கவிட்டு ராத்திரி பத்து மணி வரை ஆடுவார்கள். பதினாலு வயதுப் பையன் முதல் ஆறு மாதம் பவுடர் தூவவும் டீ வாங்கி வரவும் மட்டும் அனுமதி பெறுவான். அப்புறம் ஒரு நாள் நாலாவது கை குறையும்போது உட்கார வைப்பார்கள். பெரியவர்களோடு ஆடித் தோற்பது எப்படி என்று அங்கேதான் கற்றோம்.

அந்தத் தெருக்கள் சும்மா போகவில்லை. இரண்டு முறை உலக கேரம் சாம்பியனாகி அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008ல் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைதான், ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

பழைய காலம் பொன்னான காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த மன்றங்களில் சிகரெட்டும் இருந்தது, சீட்டாட்டமும் இருந்தது. பெண்களுக்கு இடமே கிடையாது. ஆனால் கதவு திறந்திருந்தது.

ஸ்கூல்லயே என்சிசி, என்எஸ்எஸ், சாரணர் எல்லாம் இருக்கே. போதாதா?

இருக்கிற பள்ளியில் சேர்த்துவிடுங்கள், நல்லதுதான். ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கி எத்தனை வருடமாகத் திருப்பித் தரவில்லை என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, பள்ளி நண்பன் ஒருவன் மாதவரத்தில் இருப்பான், இன்னொருவன் அம்பத்தூரில். வேனை விட்டு இறங்கியதும் உங்கள் பிள்ளைக்குத் தன் தெருவில் ஒருத்தரையும் தெரியாது.

பெண் பிள்ளைகள் விஷயம் என்ன?

பதினோரு வயது வரை தெருவில் சைக்கிள் ஓட்டுகிற பெண்ணை, வயதுக்கு வந்த மறுவாரத்திலிருந்து தெருவில் பார்க்க முடிவதில்லை. யாரும் தடை போட்டதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "அவளுக்கே இப்போ இண்ட்ரஸ்ட் இல்ல" என்பார்கள். மொட்டைமாடிக்குப் போனால்கூட, "துணி எடுக்கப் போனவ இவ்வளவு நேரம் என்ன பண்றே?" என்று கேள்வி வரும்.

எங்கள் கூட்டத்துக்கு முதல் ஐந்து மாதம் ஒரு பெண்கூட வரவில்லை. பையன்களின் கூச்சல்தான் காரணம் என்று நினைத்தேன். பிளஸ் ஒன் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் காரணத்தைச் சொன்னாள்: "அங்க்கிள், உள்ளே பாத்ரூம் இருக்கா? இருந்தா திறந்திருக்கா, பூட்டியிருக்கா?" பூட்டித்தான் இருந்தது. ஒரு தாழ்ப்பாள், ஒரு பக்கெட், ஒரு குண்டு பல்பு. நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. அப்புறம் ஒரு அம்மா மாற்றி ஒரு அம்மா வந்து பூத்தொடுத்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ வாசலில் உட்கார்ந்தார்கள். இப்போது ஏழு பெண்கள் வருகிறார்கள். ஷட்டிலில் பையன்களை ஓட ஓட விரட்டுவது அவர்கள்தான்.

வெளியே போவதற்கு ஒரு வசதி வந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மூன்று பெண்கள் சேர்ந்து கன்னிமாரா நூலகம் போய்வரக் காசு ஒரு காரணமே இல்லை. "எதுக்கு?" என்று கேட்காத வீடுதான் வேண்டும்.

இதெல்லாம் இல்லாட்டி அப்படி என்ன பாதிப்பு வந்துடும்?

பெரிய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 11 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019ல் அது வெளியிட்ட கணக்கின்படி, உலகத்தில் அந்த வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடுவதில்லை. பெண்களில் 85, ஆண்களில் 78. தனிமை பற்றி அதே நிறுவனம் 2025ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தனிமையாக உணர்கிறோம் என்று சொன்னவர்கள் பதின்ம வயதினரில்தான் அதிகம். தாத்தா பாட்டிக்குத்தான் தனிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் கண்ணால் பார்த்தது வேறு. பத்தாவதில் 470 மார்க் எடுத்த பையன், கடையில் மீதிச் சில்லறை தப்பாக வந்தால் கேட்க முடியாமல் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறான். இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் அடுத்த நாள் சமாதானமாகிற பழக்கம் இல்லை. 'பிளாக்' பண்ணிவிட்டு மூன்று மாதம் பேசுவதில்லை. எங்கள் கொட்டகையில் முதல் வருடம் நடந்த சண்டைகளில் பாதி, தோற்றவன் எழுந்து வீட்டுக்குப் போனதால் வந்தவை. காயினைத் திருப்பி அடுக்கி "இன்னொரு கேம்" என்று சொல்லத் தெரியவில்லை. மார்க் ஷீட்டில் இது வராது. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதத்தில் வரும்.

ஐஸ்லாந்து நாட்டுக் கதை ஒன்று உண்டு. 1998ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியவர்கள். 2016ல் அது 5 சதவீதம். அட்வைஸை நம்பாமல், சாயங்கால விளையாட்டுக்கும் பாட்டுக்கும் நடனத்துக்கும் ஊரே காசு போட்டது. ராத்திரி வெளியே சுற்றுவதற்கு நேரக் கட்டுப்பாடும் வைத்தார்கள், பெற்றோரையும் உள்ளே இழுத்தார்கள். சின்ன நாடு, குளிர் நாடு. நமக்கு அப்படியே பொருந்தாது, இருந்தாலும் திசை புரிகிறது.

போன்தானே எல்லாத்துக்கும் காரணம்? அதைப் பிடுங்கினா சரியாயிடாதா?

பப்ஜியை 2020ல் அரசாங்கமே தடை செய்தது. ஃப்ரீ ஃபயரை 2022ல் தடை செய்தது. உங்கள் வீட்டில் மறுநாள் பிள்ளை வெளியே ஓடிப்போய் விளையாடியதா? வேறு ஒரு விளையாட்டைத்தான் இறக்கிக்கொண்டது. எங்கள் கொட்டகையில் போனுக்குத் தடை கிடையாது. சார்ஜ் போட பிளக் பாயிண்ட் மட்டும் இல்லை.

வெளியே விட்டா கெட்டுப் போயிடுவானே? கஞ்சா, பைக் ரேஸ்னு பேப்பர்ல படிக்கிறோமே.

உங்கள் பயம் நிஜமான பயம். ஆனால் ஒன்று யோசியுங்கள். 'ரூட்டு தல', 'பஸ் டே' என்று இந்த ஊர் காலேஜ் பையன்களிடம் ஒரு வழக்கம் வந்தது எதனால்? சேர்ந்து நிற்க இடம் இல்லாத பையன்கள் பேருந்தையே மன்றமாக்கிக்கொண்டார்கள். ஒரு ரூட் நம்பருக்கு ஒரு தலைவன், ஒரு பாட்டு, ஒரு எதிரி. கூரைமேல் ஏறுவதும் பட்டாக்கத்தியோடு பிடிபடுவதும் அதன் அசிங்கமான கடைசி. தொடக்கத்தில் "நாங்க இந்த செட்" என்று சொல்லிக்கொள்கிற ஆசைதான். அந்த ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. நாம் ஒரு செட் கொடுக்கவில்லை என்றால் வேறு யாராவது கொடுப்பார்கள்.

கண்ணகி நகரைப் பாருங்கள். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்திய இடம். அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அங்கே ஒரு கோச்சும் ஒரு பெண்கள் கபடி அணியும் விடாமல் பயிற்சி எடுத்தார்கள். அதிலிருந்து வந்த கார்த்திகா 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வாங்கினார். தங்கம் வாங்கியது ஒருவர். அந்த அணியில் ஆடி, தங்கம் வாங்காமல், தினம் சாயங்காலம் போக ஓர் இடம் கிடைத்த மற்ற பெண்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

டென்த், பிளஸ் டூ வருஷத்துல நிறுத்திடலாமா?

வாரத்தில் 168 மணி நேரம். நாங்கள் கேட்பது இரண்டு.

செலவில்லாம எங்கெல்லாம் அனுப்பலாம்?

2010ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் உண்டு. எழும்பூர் கன்னிமாரா 1896லிருந்து இருக்கிறது. மார்கழியில் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, கேன்டீனுக்கு மட்டும் கையில் காசு கொடுத்தனுப்புங்கள். பொங்கல் சமயத்தில் சென்னை சங்கமம் கலைவிழா நடந்தால் பறையும் கரகமும் மைதானங்களில் இலவசமாகப் பார்க்கலாம்.

என் பிள்ளைகளுக்குப் பிடித்தது ஆமை நடை. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988லிருந்து நடத்துகிறது. ஜனவரியிலிருந்து சில மாதம் வார இறுதி ராத்திரிகளில் பொதுமக்களும் கூடப் போகலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரமாகச் சுமார் ஏழு கிலோமீட்டர் நடை, பங்குனி ஆமை முட்டையிட்ட தடத்தைத் தேடிக்கொண்டு. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. என் மகன் அன்றைக்கு ஆறு மணி நேரம் போனைத் தொடவில்லை. நானும் தொடவில்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

ஆனால் இவையெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போய்வருகிற இடங்கள். வாராவாரம் நடந்து போகிற இடத்துக்கு மாற்று ஆகாது.

உங்க தெருவுல எப்படி ஆரம்பிச்சீங்க?

தெருக்கோடியில் நலச்சங்கத்தின் தகரக் கொட்டகை ஒன்று. வருடத்தில் இரண்டு நாள், ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும், கொடிக்கம்பம் எடுக்க மட்டும் திறப்பார்கள். சாவி ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர்டான ஒரு பெரியவரிடம் இருந்தது. கேட்கப் போனேன். "உடைச்சா யாரு கட்டுவா?" என்றார். "நான் கட்டறேன் சார்." "ராத்திரி?" "ஆறரைக்குப் பூட்டிடுவோம்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாவி தரமாட்டேன், நானே வந்து திறக்கறேன்" என்றார். அதுதான் நடந்ததிலேயே நல்ல விஷயம்.

முதல் சனிக்கிழமை மூன்று பையன்கள் வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரம் பழைய கேரம் போர்டு ஒன்றை என் மாமனார் வீட்டிலிருந்து தூக்கி வந்தேன். ஐப்பசி மழையில் போர்டு ஊறி, காயின் பாதி வழியில் நின்றுவிடும். பெரியவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய் உப்புத்தாளோடு வந்தார். ஒரு மணி நேரம் தேய்த்தார், போரிக் பவுடர் தூவினார், இரண்டு விரலால் ஸ்ட்ரைக்கரைத் தட்டிச் சிவப்புக் காயினை மூலையில் போட்டார். அடுத்த அடியில் அதற்கு ஃபாலோவாக இன்னொரு காயினும் போட்டார். போன்கள் ஒவ்வொன்றாகப் பாக்கெட்டுக்குள் போயின.

எங்கள் தவறுகளும் உண்டு. முதல் வருடம் பேச்சுப் போட்டி, பொது அறிவுக் கேள்வி என்று நிகழ்ச்சி நிரல் போட்டுப் பார்த்தேன். வந்த எட்டுப் பேர் மூன்றானார்கள். இன்னொரு டியூஷன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முதல் மாடி மாமியின் துளசித் தொட்டியைப் பந்து உடைத்தது. பிள்ளைகளே காசு சேர்த்துப் புதுத் தொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். மாமி இப்போது மாதம் ஒரு தடவை சுண்டல் அனுப்புகிறார்.

மாநகராட்சிகிட்ட என்ன கேட்கலாம்?

முதலில் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கென்று ஒதுக்குகிற நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுமானம் வந்தால், பத்து சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு போன்ற திறந்தவெளிக்காக ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 3,000க்கு மேல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். உங்கள் பகுதியில் அப்படி ஒப்படைக்கப்பட்ட நிலம் எது, இப்போது அதில் குப்பை வண்டி நிற்கிறதா என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். பூங்காவில் எரியாத விளக்குக்கு மாநகராட்சியின் புகார் எண் 1913. வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபைக் கூட்டம் நடந்தால் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வையுங்கள். நாம் பேசினால் குறிப்பெடுப்பார்கள், அவர்கள் பேசினால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கேட்டால் கிடைக்காது என்பதும் இல்லை. 2024 டிசம்பரில் மாநகராட்சியின் 9 செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள்.

எங்க பிள்ளை யாரோடயும் சேர மாட்டேங்குறான். இழுத்துட்டு வரலாமா?

வேண்டாம். வாசல் வரை வரட்டும். எங்களிடம் ஒரு பையன் ஐந்து வாரம் கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டுப் போனான். பெரியவர் அவனைக் கூப்பிடவே இல்லை. பவுடர் டப்பாவை மட்டும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

ஆனால் கூச்சம் வேறு, ஒடுங்கிப் போவது வேறு. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், "நான் இருந்து என்ன?" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் கேரம் போர்டு மருந்து ஆகாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104ம் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைக்கு நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள், முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

பக்கத்துத் தெருவுல நாங்களும் ஆரம்பிக்கலாமா? பொருள் ஏதாவது கிடைக்குமா?

தாராளமாக. எங்களிடம் இப்போது இரண்டு போர்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காயினும் தருகிறோம், அதில் ஒரு வெள்ளை குறையும், அதற்குச் சட்டைப் பட்டன் வைத்து ஆடிக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கர் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். பெரியவர் தன் ஸ்ட்ரைக்கரை யாருக்கும் இரவல் தருவதில்லை.